மலையாளம் படிக்கப் போன் நல்லதா, கணினி நல்லதா? எல்லை ஊர்க்காரர்கள் சோதித்துப் பார்க்கும் முறை

கம்பம், போடி, தேவாரத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கும், வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு ரயிலேறுகிறவர்களுக்கும், செங்கோட்டையிலிருந்து புனலூர்ப் பக்கம் வியாபாரத்துக்குப் போய்வருகிறவர்களுக்கும் மலையாளம் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பேச்சு பாதி புரிந்துவிடும். படிப்பதிலும் எழுதுவதிலும்தான் சிக்கல். பஸ் போர்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பள ரசீது, பஞ்சாயத்து நோட்டீஸ் என்று எழுத்து வரும் இடமெல்லாம் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கிறது.

அதற்காகச் செயலி தேடுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்தச் செயலி நல்லது என்பது. எல்லை ஊர்த் தமிழருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: அதே செயலியைப் போனில் படிக்கிறோமா, கணினியில் இணையதளமாகத் திறந்து படிக்கிறோமா? பெயரும் பாடமும் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் கேட்கும் வேலை வேறு. தமிழ் தெரிந்தவருக்கு அந்த வேறுபாடு மற்றவர்களைவிட அதிகமாகவே பாதிக்கும்.

போனில் ஏன் எல்லாம் சரியாகவே வருகிறது

போன் செயலிகள் விரல் தட்டலுக்காகச் செய்யப்பட்டவை. திரையில் ஆறேழு சொற்கள் துண்டு துண்டாக வரும். தட்டி வரிசைப்படுத்தினால் வாக்கியம் ஆகிவிடும். வீடு, வழி, கை, மரம், பால் போன்ற சொற்கள் மலையாளத்திலும் ஏறக்குறைய அப்படியே இருப்பதால், பாடத்தைப் படிக்காமலே தமிழர் பத்துக்கு ஒன்பது வாங்கிவிடுவார். செயலி அதைக் கற்றுக்கொண்டதாகக் கணக்கெழுதி அடுத்த பாடத்துக்குத் தள்ளும். இப்படியே முப்பது பாடம் தாண்டியவரிடம் ஒரு வரி எழுதச் சொன்னால் கை நின்றுவிடும்.

பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், வினைச்சொல்லின் முடிவில். நாம் போனேன், போனான், போனாள் என்று ஆளுக்கேற்ப மாற்றுவோம். மலையாளத்தில் எல்லாவற்றுக்கும் ‘போயி’ ஒன்றுதான். துண்டுகளைத் தட்டும்போது ‘போயி’ என்ற ஒரே துண்டுதான் கொடுக்கப்பட்டிருக்கும், தப்பு செய்யவே வாய்ப்பில்லை. தட்டச்சு செய்யும்போதுதான் தமிழ் விகுதி தானாக வந்து ஒட்டிக்கொள்வது கண்ணில் படும். எழுத்திலும் இதே கதைதான். தமிழில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஓரெழுத்து. மலையாளத்தில் ஒவ்வொன்றுக்கும் நான்கு, ஆக இருபது. துண்டைப் பார்த்துத் தட்டுகிறவருக்கு அந்த நான்கில் எது என்று தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை.

ஆகவே செயலியை எடைபோடும்போது அழகு, பாட்டு, பரிசு நட்சத்திரம் எதையும் பார்க்க வேண்டாம். எத்தனை பயிற்சி உங்களை எழுத வைக்கிறது என்று எண்ணுங்கள்.

ஒரே பாடம், இரண்டு திரை

முதலில் கணக்கு. மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கிவிட்டுப் பிறகு சோதனையில் இறங்குங்கள். விருந்தினராக நுழைந்து படித்தால் முன்னேற்றம் அந்தப் போனிலேயே கிடக்கும்; செயலியை நீக்கினால் அதுவும் போகும். இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. போனில் கூகுள் வழியாகவும் கணினியில் மின்னஞ்சல், கடவுச்சொல் வழியாகவும் நுழைந்தால், சில தளங்கள் அவற்றை இரண்டு தனிக் கணக்காக வைத்துக்கொள்ளும். போனில் பன்னிரண்டாம் பாடம், கணினியில் முதல் பாடம் என்று காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டிலும் ஒரே வழியில் நுழையுங்கள்.

இனி ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: தட்டல், கேட்டல், பேசுதல், எழுதுதல். ஒரு பாடத்தைப் போனில் முடித்து, ஒவ்வொரு பயிற்சியும் எந்த வகை என்று கோடு போடுங்கள். அதே பாடத்தைக் கணினியில் உடனே செய்யக் கூடாது, விடை நினைவில் நிற்கும். இரண்டு நாள் விட்டுச் செய்து, அதே கோடுகளைப் போடுங்கள். இருபது பயிற்சியில் எழுதுவது ஐந்துக்குக் குறைவாக வந்தால் அந்தப் பதிப்பு எழுத்துக்கு உதவாது. காதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சில செயலிகளில் துண்டுகளுக்குப் பதில் விசைப்பலகையைக் கொண்டுவரும் பொத்தான் பயிற்சித் திரையின் கீழே இருக்கும். அது இருந்தால் அதை அழுத்திவிட்டு மறுபடி எண்ணுங்கள். முடிவு தலைகீழாக மாறலாம்.

சிக்னல் இல்லாத இடத்துக்கான சோதனை

ஏலக்காட்டுக்குள்ளும் மலைப்பாதையிலும் சிக்னலை நம்ப முடியாது. செங்கோட்டை–புனலூர் ரயில் குகைக்குள் நுழைந்தாலும் அதே நிலைதான். போன் பதிப்பின் பெரிய பலம், பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது. ஆனால் ‘ஆஃப்லைன்’ என்று விளம்பரம் செய்யும் எல்லாமும் முழுசாக வேலை செய்வதில்லை. எழுத்து வரும், ஒலி வராது என்பது மிகவும் சகஜம்.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். ஒரு பாடத்தை இறக்கிவிட்டுச் செயலியை முழுவதுமாக மூடுங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு மறுபடி திறந்து, பாடத்தைக் கடைசி வரை செய்யுங்கள். ஒலி எல்லாம் வருகிறதா, பாதியில் சுற்றிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு இணையத்தைப் போட்டு, செயலியை ஒரு நிமிடம் திறந்தே வைத்திருந்து, கணினியில் தளத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். நீங்கள் செய்த பாடம் அங்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் போனின் பேட்டரி சேமிப்பு அமைப்பைப் பாருங்கள். அது செயலியைப் பின்னணியில் இயங்கவிடாமல் நிறுத்தி வைத்திருக்கலாம். அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

இடம் நிறைந்துபோய் போனைச் சுத்தம் செய்யும்போது கவனம். ‘கேச்சை அழி’ என்பது தற்காலிகக் கோப்புகளை மட்டும் எடுக்கும். ‘டேட்டாவை அழி’ என்பது இறக்கிய பாடங்களையும், இன்னும் மேலேறாத முன்னேற்றத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஒலிக்கு எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: நொடிக்கு 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர ஒலி சுமார் 29 எம்பி. பத்து நொடி வாக்கியங்கள் ஆயிரம் சேர்த்தாலும் 80 எம்பிதான். ஒலி இவ்வளவு இலேசாக இருக்கும்போது, இடமில்லை என்று ஒலியை மட்டும் இறக்காமல் விடுவது வீண் சிக்கனம்.

தட்டச்சு: இங்கேதான் கணினி முந்துகிறது

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு இருந்தால், அமைப்புகளில் மொழிகள், விசைப்பலகை சேர் என்று போய் மலையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்தால் மலையாளமாக மாற்றுவது, விரலால் எழுதுவது, நேரடி மலையாள விசைப்பலகை என்று வகைகள் காட்டும். படிக்கிறவர்கள் விரலால் எழுதும் வகையை எடுப்பது நல்லது. ஆங்கில எழுத்து வழி வேகமானது, ஆனால் எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் போன் செய்துவிடுகிறது. எந்த வகையானாலும் மேலே வரும் பரிந்துரைப் பட்டையை அணைத்துவிடுங்கள். இரண்டு எழுத்து அடித்ததும் முழுச் சொல்லையும் அது நீட்டினால், நீங்கள் எழுதியது என்று எதைச் சொல்வது?

விண்டோஸ் கணினியில் அமைப்புகள், நேரமும் மொழியும், மொழி என்ற வழியில் மலையாளத்தைச் சேர்த்தால், இந்திய மொழிகளுக்குப் பொதுவான விசை அமைப்பான இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை கிடைக்கும். விண்டோஸ் 10இன் 2019 மே பதிப்பு முதல், ஆங்கில எழுத்தில் அடித்தால் மலையாளமாக மாற்றும் ஒலிவழி விசைப்பலகையும் உண்டு. விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். இன்ஸ்கிரிப்டையே கற்றுக்கொள்ளுங்கள். முதல் வாரம் கடினமாகத்தான் இருக்கும், ஆனால் அதன் அமைப்பே எழுத்தைச் சொல்லித்தருகிறது. கே விசையில் முதல் க, அதையே ஷிஃப்டுடன் அழுத்தினால் மூச்சு சேர்ந்த இரண்டாம் க. ஐ விசையில் மூன்றாம் க, ஷிஃப்டுடன் நான்காவது. த, ப வரிசைகளும் இதே ஒழுங்கில்தான். இருபது எழுத்தும் பத்து விசையில் இணை இணையாக உட்கார்ந்திருப்பதால், எது மூச்செழுத்து என்பது விரலுக்கே பழகிவிடும். தெலுங்குக்கும் இதே அமைப்புதான் என்பதால் திருத்தணி, ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் அங்கே பழகியதை இங்கேயும் கொண்டுவரலாம்.

கணினியிலும் ஒரு தொல்லை உண்டு. மலையாளத்தில் சொல்லின் கடைசியில் வரும் ன், ண், ர், ல், ள் ஆகியவற்றுக்குச் சில்லெழுத்து என்ற தனி வடிவம் இருக்கிறது. எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் பொதுத் தரம் யூனிகோட்; 2008இல் வந்த அதன் 5.1 பதிப்பு அவற்றுக்குத் தனிக் குறியீடு கொடுத்தது. அதற்கு முன் மெய்யெழுத்து, சந்திரக்கலை (நம் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி என்று மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், மென்பொருளுக்கு மட்டும் வேறு. பாடத்தைத் தயாரித்தவர் பழைய முறையிலும் நீங்கள் புதிய முறையிலும் அடித்தால், சரியான விடைக்கும் தப்பு என்று வரும். இதைத் தெரியாமல் தங்களுக்கே எழுத்து வரவில்லை என்று விட்டுவிட்டவர்கள் உண்டு. சில்லெழுத்தில் முடியும் சொற்களில் மட்டும் மீண்டும் மீண்டும் தப்பு விழுந்தால், தளத்தின் விடையை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் சரி, அடித்தால் தப்பு என்றால் உங்கள் எழுத்தில் குறையில்லை. வேறு விசைப்பலகைக்கு மாறுங்கள்.

எழுத்துருவும் குழப்பும். 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கூட்டெழுத்து வடிவங்களைச் சில எழுத்துருக்கள் காட்டும், சில பிரித்துக் காட்டும். போனில் ஒரு மாதிரியும் கணினியில் வேறு மாதிரியும் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இரண்டும் ஒரே சொல். பழைய சுவர் விளம்பரங்களையும் கோயில் பலகைகளையும் படிக்க இரண்டு வடிவமும் பழகியிருப்பது நல்லதுதான்.

வாயும் காதும்

பேச்சுப் பயிற்சிக்குப் போன்தான். ஒலிவாங்கி வாய்க்கு அருகில் இருக்கும், அனுமதி ஒரு முறை கொடுத்தால் போதும். கணினியில் உலாவிதான் நடுவில் நிற்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் பேச்சை எழுத்தாக்கும் வசதி இல்லாததால் பல தளங்களின் பேச்சுப் பயிற்சி அதில் வராது. குரோமில் திறக்க வேண்டும். அதிலும் வேலை செய்யவில்லை என்றால் முகவரிப் பட்டையின் இடது ஓரக் குறியை அழுத்தி, ஒலிவாங்கி அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

செயலியின் உச்சரிப்பு மதிப்பெண்ணை நம்புவதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. குறிப்புச் செயலியைத் திறந்து, மலையாளக் குரல் தட்டச்சைப் போட்டு, தனிச் சொற்களைச் சொல்லுங்கள். முழு வாக்கியம் சொன்னால் முன்பின் பார்த்துக் கருவி தானே திருத்திக்கொள்ளும். வலிமையைக் குறிக்கும் பலமும் கனியைக் குறிக்கும் பலமும் தமிழ் எழுத்தில் ஒன்று. மலையாளத்தில் வேறு வேறு எழுத்தில் தொடங்குபவை. இரண்டையும் ஐந்தைந்து முறை கலந்து சொல்லி, எது எழுதப்படுகிறது என்று பாருங்கள். கருவி ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதினால் கேரளத்துக் காதிலும் அப்படியே விழக்கூடும்.

கேட்பதற்கு யூடியூபில் மலையாளச் செய்தியைப் பயன்படுத்துகிறவர்கள், கணினியில் இடது அம்பு விசை 5 நொடி பின்னே போகும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு வாக்கியத்தைத் திரும்பக் கேட்க அது சரியான அளவு. போனில் இருமுறை தட்டினால் 10 நொடி போகும். அமைப்புகளில் அதை 5 ஆக்கிக்கொள்ளலாம். வேகம் 0.75 போதும், அதற்குக் கீழே போனால் குரல் குழைந்துவிடும்.

இரண்டையும் இணைத்து ஒரு சொல்வங்கி

பலரும் பயன்படுத்தும் மொழிப் பாடச் செயலியான டுவோலிங்கோவில் மலையாளமோ தெலுங்கோ கற்கும் பாடம் இல்லை. மற்றச் செயலிகள் பெரும்பாலும் ஆங்கில வழியில் சொல்லித்தருகின்றன. மத்தியக் கல்வி அமைச்சகம் 2021இல் வெளியிட்ட பாஷா சங்கம் செயலியில் 22 மொழிகளில் நூறுக்கும் மேற்பட்ட அன்றாட வாக்கியங்கள் உண்டு, தொடக்கத்துக்கு உதவும். ஆனால் ஏலம் பறிக்கிற இடத்துச் சொல்லும் பாலக்காட்டு ஆஸ்பத்திரிச் சொல்லும் எந்தச் செயலியிலும் முழுசாக இருக்காது. அவற்றை நீங்களே சேர்க்க வேண்டும். அதற்கு அன்கி என்ற செயலி பொருத்தமானது: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை என்று நாமே அட்டை செய்தால், மறக்காதபடி இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் ஒரு முறைக் கட்டணம், 25 டாலர் அளவில். அன்கி என்ற பெயரை ஒட்டிக்கொண்டு வேறு செயலிகளும் பிளே ஸ்டோர் போன்ற செயலிக் கடைகளில் இருக்கின்றன, அவை இதனோடு இணையாது. ஆண்ட்ராய்டில் அன்கிட்ராய்டு என்பதுதான் சரியானது.

வேலையிடத்தில் புதுச் சொல் கண்ணில் பட்டால் போனில் கூகுள் மொழிபெயர்ப்பைத் திறந்து கேமராவைக் காட்டுங்கள், அல்லது பேசுங்கள். வந்ததை நட்சத்திரமிட்டுச் சேமியுங்கள். அங்கேயே அட்டை செய்ய உட்கார வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கணினியில் அதே கூகுள் கணக்கில் மொழிபெயர்ப்புத் தளத்தைத் திறந்தால் சேமித்தவை எல்லாம் இருக்கும். கூகுள் ஷீட்டுக்கு ஏற்றுமதி செய்யலாம். பட்டியலை ஒரு சேட்டனிடமோ சேச்சியிடமோ காட்டிச் சரிபாருங்கள். கருவி தருவது பெரும்பாலும் பத்திரிகை மலையாளம். இடுக்கிப் பேச்சும் பாலக்காட்டுப் பேச்சும் அதிலிருந்து விலகும், ஒன்றுக்கொன்றும் விலகும். முடிந்தால் அவர்கள் குரலிலேயே சொற்களைப் பதிவு செய்யுங்கள். வாட்சப்பில் வந்த குரல் கோப்பு ஐபோனில் ஒலிக்காமல் போகலாம், எம்பி3 ஆக மாற்றிக்கொண்டால் எங்கும் ஓடும்.

ஷீட்டைத் தாவல் பிரிப்புக் கோப்பாக இறக்குங்கள். காற்புள்ளிப் பிரிப்பை எடுத்தால், பொருளில் காற்புள்ளி இருக்கும் இடமெல்லாம் பத்தி உடையும். எக்செல்லில் சேமிக்கிறவர்கள் யூடிஎஃப்-8 என்று சொல்லும் வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மலையாளம் முழுக்கக் கேள்விக்குறியாக மாறிவிடும். பிறகு கணினி அன்கியில் இறக்குமதி செய்யுங்கள். அட்டை வகையில் விடையைத் தட்டச்சு செய்யும் வகை தயாராகவே இருக்கிறது. முன்பக்கம் தமிழ்ப் பொருளும் குரலும், பின்பக்கம் மலையாள எழுத்து என்று வைத்தால் எழுதாமல் தப்ப முடியாது.

கணினியிலும் போனிலும் உள்ள அட்டைகளை ஒன்றாக்கும் வேலைக்கு ஒத்திசைவு என்று பெயர். முதல் ஒத்திசைவில்தான் பலர் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். கணினியில் ஒத்திசைத்து ‘பதிவேற்று’ கொடுங்கள். பிறகு போனில் அதே கணக்கில் நுழையும்போது, போனிலும் அட்டைகள் இருந்தால் எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும். ‘பதிவிறக்கு’ கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் போனிலிருக்கும் தொகுப்பு மேலே போய், கணினியில் செய்ததன் மீது எழுதிவிடும். அதன் பிறகு கடைப்பிடிக்க வேண்டிய வழக்கம்: எந்தக் கருவியிலும் உட்கார்ந்தவுடன் ஒரு முறை, எழுந்திருக்குமுன் ஒரு முறை ஒத்திசையுங்கள். இணையப் பதிப்பான அன்கிவெப் அவசரத்துக்கு மட்டும். அதில் ஒலி, படம் சேர்க்க முடியாது; ஆறு மாதம் தொடாத கணக்கின் தரவு நீக்கப்படவும் கூடும்.

புது அட்டைகள் நாளுக்கு 20 என்று அன்கி வைத்திருக்கும். அதை 7 அல்லது 8 ஆகக் குறையுங்கள். தினசரி மறுபார்வை, புது அட்டையின் பத்து மடங்கு வரை ஏறும் என்பது அன்கி பழகியவர்கள் வைத்திருக்கும் கணக்கு. தோட்ட வேலை முடித்து வந்து 200 அட்டை புரட்ட யாராலும் ஆகாது. இன்னொன்று, அன்கிக்குப் புது நாள் காலை 4 மணிக்குத் தொடங்குகிறது. மூன்றரைக்கு எழுந்து ஜீப்புக்குக் காத்திருக்கும்போது படிக்கிறவர்களுக்கு அது நேற்றைய கணக்கில் போகும். விருப்ப அமைப்பில் அதை 2 ஆக்கிவிடுங்கள்.

பணம் கட்டும் பதிப்பானால்

விலையைப் போனின் செயலிக் கடையிலும் இணையதளத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள். செயலிக் கடைக்குத் தரும் கழிவு சேராததால் தளத்தில் குறைவாக இருப்பதுண்டு. எங்கே கட்டினீர்களோ அங்கேதான் நிறுத்த முடியும். பிளே ஸ்டோரில் கட்டிய சந்தாவைத் தளத்தின் அமைப்புகளில் தேடினால் கிடைக்காது. செயலியைப் போனிலிருந்து நீக்கினாலும் பணம் போய்க்கொண்டே இருக்கும். தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பாவது வங்கி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுச் சந்தா கட்டுமுன், நீங்கள் சேர்த்த சொற்பட்டியலை வெளியே எடுக்க வழியிருக்கிறதா என்று கணினிப் பதிப்பில் தேடுங்கள். போன் பதிப்பில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. இரண்டிலும் இல்லை என்றால் மாதச் சந்தாவோடு நிறுத்திக்கொண்டு, சொற்களை ஷீட்டிலேயே வைத்திருங்கள்.